அடிபட்ட நாய்க்கு வீட்டிலேயே சிக்கனச் சிகிச்சை

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் நாய் இல்லாத களத்துமேட்டைக் காண்பது அரிது. ஆட்டுப்பட்டிக்குக் காவல், களத்தில் கிடக்கும் நெல்லுக்குக் காவல், கிணற்றடி மோட்டாருக்குக் காவல் என்று சம்பளம் வாங்காத காவல்காரனாக நாய் உழைக்கிறது. அழகர்மலை, நாகமலை அடிவாரத்து வயல்களில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகளுக்கு இரவில் நாயே துணை. கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற பெயர் பெற்ற இனங்கள் தென்மாவட்டங்களுக்கு உரியவை. ஆனால் சிறு விவசாயியின் வாசலில் படுத்திருப்பது பெரும்பாலும் பெயர் இல்லாத நாட்டு நாய்தான்.

இந்த நாய் ஒருநாள் சாலையில் வண்டியில் அடிபடுகிறது. அல்லது முள்கம்பி வேலியில் சிக்கித் தோல் கிழிகிறது. அல்லது பன்றியின் கொம்பு பட்டு விலாவில் காயத்தோடு வருகிறது. மாட்டுக்கு நோய் என்றால் உடனே மருந்தகத்துக்கு ஓடும் விவசாயி, நாய் என்றால் தயங்குகிறார். கையில் பணம் இல்லை, வேலை நாள் கெடும், நாய்தானே, நக்கியே ஆற்றிக்கொள்ளும் என்ற எண்ணம் வருகிறது. அல்லது கையில் கிடைக்கும் டீசலையோ, பினாயிலையோ, பழைய என்ஜின் ஆயிலையோ ஊற்றி விடுகிறார்.

காயத்தால் வரும் செலவைவிடக் காலதாமதத்தால் வரும் செலவே பெரிது. முதல் நாளில் உப்பு, வெந்நீர், சுத்தமான துணி ஆகியவற்றோடு முடியக்கூடிய காயம், நான்காம் நாளில் புழு வைத்து, சீழ் பிடித்து, பல நாள் ஊசிக்கும் மருந்துக்கும் இழுத்துச் செல்கிறது. தையல் போட வேண்டிய கிழிந்த காயத்தை அடிபட்ட 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்து தைத்தால் நன்றாகக் கூடும். நேரம் ஆக ஆகக் கிருமி பெருகிவிடுவதால் உடனே தைக்க முடியாமல், பல நாள் கட்டு மாற்றித் திறந்த புண்ணாகவே ஆற்ற வேண்டி வரும். எனவே வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எந்த நிலையில் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்ற மூன்றையும் முன்பே தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலில் தம் பாதுகாப்பு

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். அது நன்றிகெட்ட குணம் அல்ல. வலி செய்யும் வேலை. ஆகவே குழந்தைகளை முதலில் விலக்க வேண்டும். நாயின் பெயரைச் சொல்லி மெதுவாகப் பேசியபடி, பக்கவாட்டில் இருந்து நெருங்க வேண்டும். முகத்துக்கு நேராகக் குனியக் கூடாது.

வாயைக் கட்டப் பழைய வேட்டியில் கிழித்த துணிப்பட்டை போதும். ஒரு மீட்டர் நீளம், மூன்று விரல் அகலம் இருக்கட்டும். நடுவில் தளர்ந்த சுருக்குப் போட்டு மூக்குத் தண்டின் மேல் மாட்டி, மேலே ஒரு முடிச்சும், தாடைக்குக் கீழே ஒரு முடிச்சும் போட்டு, இரு முனைகளையும் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் உருவு முடிச்சாகக் கட்ட வேண்டும். ஓர் இழுப்பில் அவிழ்வதாக இருப்பது முக்கியம். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், தாடையில் அடிபட்ட நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது. நாய் வாய் வழியாக இரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே மதுரை வெயிலில் சில நிமிடங்களுக்கு மேல் வாய்க்கட்டு இருக்கக் கூடாது.

காயத்தைத் தொடும்போது கையுறை அணிய வேண்டும். இல்லையென்றால் ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் பைகளைக் கைகளில் மாட்டிக்கொள்ளலாம். கையில் வெட்டோ சிராய்ப்போ உள்ளவர் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. இதன் காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

வெளியே சிறு சிராய்ப்பு மட்டும் தெரியும். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். வண்டியில் அடிபட்ட நாய்களில் இது நேரும். எனவே காயத்தைப் பார்க்கும் முன் நாயைப் பார்க்க வேண்டும்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கவும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ, நிறம் திரும்ப நேரம் எடுத்தாலோ, கால்கள் சில்லிட்டிருந்தாலோ உயிருக்கு ஆபத்து என்று பொருள். (சில நாய்களுக்கு ஈறு இயற்கையிலேயே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.)

மூச்சுத் திணறல், வயிறு உப்பிக்கொண்டே போதல், மூக்கிலோ வாயிலோ இரத்தம் வருதல், மயக்கம், வலிப்பு, பின்னங்கால்கள் இரண்டும் இழுபடுதல், குடல் அல்லது எலும்பு வெளியே தெரிதல், 10 நிமிடம் அழுத்தியும் நிற்காத இரத்தம், கண்ணில் அடி, மார்பிலோ வயிற்றிலோ துளைத்த காயம் ஆகிய எதுவும் வீட்டு வைத்தியத்துக்கு உரியது அல்ல. அடிபட்ட பின் 12 மணி நேரம் கடந்தும் சிறுநீர் கழிக்காத நாயையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பை கிழிந்திருக்கக் கூடும்.

இந்த அடையாளங்கள் இல்லாவிட்டாலும் முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை ஈறையும் மூச்சையும் கவனித்து வர வேண்டும். அமைதியாகப் படுத்திருக்கும் நாயின் மூச்சு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருப்பது இயல்பு. நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதக் கணக்கில் பார்த்துக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டியதில்லை.

இரத்தத்தை நிறுத்தும் முறை

சுத்தமான துணியை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று இடையில் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். காலில் கயிறு போட்டு இறுக்கக் கூடாது. இரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடும். காயத்தில் கம்பியோ குச்சியோ ஆழமாகக் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அப்படியே கொண்டு செல்ல வேண்டும்.

தூக்கிச் செல்லும் முறை

முதுகெலும்பிலோ இடுப்பிலோ அடி இருக்கும் என்ற ஐயம் இருந்தால் நாயைக் கையில் வாரித் தூக்கக் கூடாது. அகலமான பலகை இருந்தால் அதன் மேல் மெதுவாக நகர்த்தி, இரண்டு இடத்தில் துணியால் கட்டிக் கொண்டு செல்லலாம். பலகை இல்லையென்றால் கயிற்றுக் கட்டிலோ, இருவர் இழுத்துப் பிடித்த சாக்கோ உதவும்.

காயத்தைக் கழுவுதல்

காயம் ஆறுவதில் மருந்தைவிடக் கழுவுவதற்கே பெரும்பங்கு உண்டு. அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஒரு சிறு தேக்கரண்டி சமையல் உப்பு சேர்த்தால் உப்புநீர் தயார். கடையில் விற்கும் சலைன் பாட்டிலுக்கு இது ஏறக்குறைய ஈடானது. உப்பைக் கூட்டினால் எரியும், பலன் கூடாது. அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

முதலில் காயத்தைச் சுற்றியுள்ள முடியை ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரிக்க வேண்டும். கத்தரிக்கும் முடி உள்ளே விழாமல் இருக்க ஈரத்துணியைக் காயத்தின் மேல் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஊசி கழற்றிய 20 மி.லி. சிரிஞ்சால் உப்புநீரைப் பீச்சி, மண்ணும் தூசியும் போகும் வரை கழுவ வேண்டும். சிரிஞ்சு இல்லையென்றால் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் சிறு துளையிட்டும் பீச்சலாம்.

கழுவிய பின் போவிடோன் அயோடின் மருந்தை ஆறிய வெந்நீரில் கலந்து, பால் ஊற்றாத இளந்தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து ஒற்றி எடுக்கலாம். நீர் கலக்காத டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் கொல்லும். டீசல், பினாயில், சுண்ணாம்பு, சாம்பல் ஆகியவற்றைக் காயத்தின் அருகே கொண்டுவரவே கூடாது. ஒரு காலத்தில் பி.எச்.சி. தூளைக் கால்நடைகளின் புண்ணில் தூவும் பழக்கம் இருந்தது. அந்த மருந்து 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. வேறு எந்தப் பூச்சிமருந்தையும் அதன் இடத்தில் பயன்படுத்தக் கூடாது.

மாட்டின் குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் போடும் மூலிகை மருந்து பல விவசாயிகளுக்குத் தெரியும். மாட்டுக்கு நல்ல மருந்து என்பதற்காக அதை நாய்க்கும் போடுவது தவறு. நாய் தன் புண்ணில் உள்ளதை எல்லாம் நக்கி விழுங்கும். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மேலோட்டமான சிராய்ப்புக்கு மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து மெல்லியதாகத் தடவுவதில் கெடுதல் இல்லை. ஆழமான காயத்தில் எந்தப் பொடியையும் திணிக்கக் கூடாது. மேலே ஓடு கட்டி, உள்ளே சீழ் தங்கிவிடும்.

பற்குத்துக் காயங்களில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை. வேறு நாய் கடித்த இடத்தில் மேலே சிறு துளைதான் தெரியும். உள்ளே தோலுக்கும் சதைக்கும் இடையே பெரிய பை போலக் கிழிந்திருக்கும். இத்தகைய காயத்தை வீட்டில் மூடிக் கட்டாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

கட்டும் நக்கலும்

பழைய பருத்தி வேட்டி, சேலைத் துணியைத் துவைத்து, 20 நிமிடம் கொதிக்க வைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டால் கட்டுத்துணி ஆகும். காயத்தின் மேல் மருந்து நனைத்த துணி, அதன் மேல் பஞ்சு அல்லது மடித்த துணி, அதற்கும் மேல் சுற்றுத்துணி என மூன்று அடுக்காகக் கட்ட வேண்டும். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். காலில் கட்டினால் நடுவிரல் நகங்கள் வெளியே தெரியட்டும். விரல்கள் வீங்கினாலோ, இரு நகங்கள் விரிந்து விலகினாலோ, பாதம் சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள்; உடனே அவிழ்க்க வேண்டும். முதல் ஐந்து நாள் தினமும் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். கட்டு நனைந்துவிட்டால் காத்திராமல் அப்போதே மாற்ற வேண்டும். மழையில் வெளியே விடும்போது மட்டும் மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, திரும்பியதும் எடுத்துவிட வேண்டும்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. நாயின் வாயில் உள்ள கிருமிகள் புண்ணில் சேருவதும், சொரசொரப்பான நாக்கு புதுச் சதையைத் தேய்த்து எடுப்பதும், தையலைப் பல்லால் பிரிப்பதுமே நடக்கின்றன. இதைத் தடுக்கக் கழுத்துக்கூடு தேவை. கடைக்குப் போகாமலேயே இதைச் செய்யலாம். நாயின் தலை நுழையும் அளவான பழைய பிளாஸ்டிக் வாளியின் அடிப்பகுதியை வட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தில் சைக்கிள் டியூபைப் பிளந்து பொருத்தி, நாலு துளை போட்டுக் கழுத்துப்பட்டையோடு கயிற்றால் கட்டலாம். வாளியின் விளிம்பு மூக்கைத் தாண்டி இரண்டு விரல் நீண்டிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கவும் சோறு தின்னவும் ஆள் அருகே இருக்கும்போது கழற்றிவிடலாம். உடம்பில் காயம் என்றால் பழைய பனியனை முன்னங்கால்கள் வழியாக மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டாலும் போதும்.

புழு வைத்த புண்

ஈரமும் இரத்த வாடையும் உள்ள காயத்தில் ஈ அன்றைக்கே முட்டையிடும். வெள்ளை ரவை போல ஒட்டியிருக்கும் முட்டைகள் ஒரு நாளுக்குள் புழுவாகி, சதைக்குள் இறங்கிவிடும். ஐந்து முதல் ஏழு நாள் வரை தின்று வளரும். காதின் உட்புறம், வால் அடி போன்ற இடங்களை நாய் தானே எளிதில் சுத்தம் செய்ய முடியாது. அங்கேதான் புழு அதிகம் வைக்கிறது.

முட்டை நிலையிலேயே கண்டால் உப்புநீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டால் வேலை முடிந்தது. புழு தென்பட்டால் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து உப்புநீர் பீச்ச வேண்டும். எடுத்த புழுக்களைத் தரையில் போடாமல் சோப்பு நீரில் போட்டுக் கொல்ல வேண்டும். குழி ஆழமாக இருந்தால் வீட்டில் எல்லாப் புழுவையும் எடுக்க முடியாது. மருத்துவரிடம் செல்வதே வழி. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கண்ணளவில் நாய்க்குப் போடக் கூடாது. எடைக்குத் தக்க அளவு மிகச் சிறியது. மீறினால் நரம்பு பாதிக்கும். காயம் ஆறும் வரை பகலில் கொசுவலைக்குள்ளோ, புகை போட்ட கொட்டிலிலோ நாயைக் கட்டுவது செலவில்லாத பாதுகாப்பு. புகை நாயை நெருக்காமல் காற்றோட்டம் இருக்கட்டும்.

எலும்பு முறிவு

ஆட்டுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் கை, நாய்க்கும் அப்படியே கட்டப் பார்க்கும். முழங்காலுக்கு மேல் தொடையிலோ தோளிலோ முறிவு என்றால் சிம்பு வைக்கவே கூடாது. அதன் எடை முறிவை மேலும் விலக்கும். முழங்காலுக்குக் கீழே என்றால், மருத்துவரிடம் போகும் வரை மட்டும், தடித்த துணி சுற்றி அதன் மேல் அட்டையோ மூங்கில் பட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டலாம். முறிவுக்கு மேல் உள்ள மூட்டும் கீழ் உள்ள மூட்டும் அசையாதபடி கட்டு இருக்க வேண்டும். எலும்பை இழுத்து நேராக்க முயலக் கூடாது. இறுக்கிக் கட்டிய கட்டால் அழுகிய காலை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. மருத்துவர் கட்டிய பின் வளர்ந்த நாய்க்கு 6 முதல் 8 வாரமும், குட்டிக்கு 3 முதல் 4 வாரமும் ஓய்வு வேண்டும். குறுகிய கொட்டிலில் அடைத்து வைப்பதும் மருந்துதான்.

கொடுக்கக் கூடாத மாத்திரைகள்

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கம் பல நாய்களின் உயிரைக் குடிக்கிறது. பாராசிட்டமால் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரோபென், டைக்ளோபினாக் ஆகியவை இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நாய்க்கென வலி மருந்து தனியாக உண்டு. எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். மிச்சம் இருந்த கிருமிநாசினி மாத்திரையை இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவதும் வீண்செலவே. கிருமி சாகாது, அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்கவும் அடங்காது.

உணவு

அடிபட்ட முதல் சில மணி நேரத்துக்கு உணவு கொடுக்காமல் இருப்பது நல்லது. மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டி வரலாம். நினைவோடு இருக்கும் நாய்க்குச் சிறிது சிறிதாகத் தண்ணீர் வைக்கலாம். வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலில் இறங்கும்.

மறுநாள் முதல் குழைந்த சோற்றில் தயிர், வேகவைத்த முட்டை, உப்பும் வெங்காயமும் சேராத கறிச்சாறு ஆகியவற்றைச் சிறு பங்குகளாக மூன்று வேளை கொடுக்கலாம். சதை வளரப் புரதம் தேவை. தினம் ஒரு முட்டை என்பது சிறு விவசாயிக்கும் இயலக்கூடியது. கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலை வேகவைத்து வாரம் இரண்டு முறை சிறிதளவு தரலாம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதை ஒதுக்க வேண்டும். 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் நீர் தேவை. கோடையில் இன்னும் கூடும். தகரக் கொட்டிலில் கட்டாமல் மரநிழலிலோ கூரை நிழலிலோ வைக்க வேண்டும்.

பணத்தை எங்கே செலவிடுவது?

குறைந்த பணம் கையில் இருக்கும்போது எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரிய வேண்டும். முதல் செலவு, முதல் நாளிலேயே மருத்துவர் ஒருமுறை பார்ப்பது. இரண்டாவது, அவர் எழுதும் வலி மருந்தும் கிருமிநாசினியும் சொன்ன நாள் வரை முழுமையாக. மூன்றாவது, வெறிநோய்த் தடுப்பூசி. கட்டு மாற்றுதல், கழுவுதல், காவல், உணவு ஆகியவற்றை வீட்டார் செய்துகொள்ளலாம். அதற்குக் கூலி இல்லை. கையில் உள்ள தொகையை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். எது உடனே தேவை, எது ஒருநாள் பொறுக்கும் என்று கேட்டால் அவர் அதற்கேற்ப வழி சொல்வார். மனிதர்க்குப் போடுவது போல நாய்க்கும் டி.டி. ஊசி போட வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. நாய்க்கு இசிவு நோய் எளிதில் வருவதில்லை. ஆகவே வழக்கமாக அது தேவையில்லை.

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகமே முதல் படி. நகருக்குள் வருவோருக்குச் சிம்மக்கல்லை அடையாளமாகக் கொண்டால் வழி எளிது. சிம்மக்கல்லை அடுத்த யானைக்கல்லில் வைகைப் பாலம் தாண்டினால் கோரிப்பாளையம். அதற்கும் வடக்கே தல்லாகுளம். தல்லாகுளத்தில் அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது. கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லாத எண்ணில் அழைத்து, தம் ஊருக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேட்கலாம்.

எவ்வளவு செய்தும் பிழைக்க வழியில்லாத நிலையும் உண்டு. முதுகெலும்பு முறிந்து, வலியில் துடிக்கும் நாயைச் சாலையோரத்தில் விட்டு வருவது தீர்வு அல்ல. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி, பசியும் தாகமும் வாட்டும் நிலையில் வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றமும் ஆகும். அந்த முடிவை மருத்துவரோடு கலந்து பேசி, அவர் கையால் வலியில்லாமல் முடித்து வைப்பதே உழைத்த உயிருக்குச் செய்யும் கடைசி மரியாதை.

வெறிநோய்: வீட்டாரின் உயிர்ப் பிரச்சினை

கையுறை பற்றி முன்னர் கூறியதன் காரணம் இதுதான். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்தால் மட்டுமல்ல, வெட்டுக்காயம் உள்ள கையை நக்கினாலும் தொற்றும். நோய் அறிகுறி தோன்றிய பின் மனிதரோ நாயோ பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் அறிகுறி தோன்றும் முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் முற்றிலும் தடுக்கலாம். பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் நாள் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றியது முதல் இது நிரூபணமாகி வருகிறது. நம் மாநிலத்தில் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

அடிபட்ட நாய் கடித்துவிட்டால், அது நம் வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. கடித்த இடத்தைக் குழாய் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதையும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு முறை போடுவர். இரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் போடுவர். ஒரு தவணையும் தவறக் கூடாது. கடித்த நாயை 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். ஆனால் அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் நாயை அறியாத நாய் கடித்திருந்தால், முன்பு தடுப்பூசி போட்டிருந்தாலும் உடனே மீண்டும் ஒன்று போட வேண்டும். இதுவரை போடாத நாய் என்றால் ஆபத்து பெரிது. குழந்தைகளிடம் இருந்து பிரித்துக் கட்டி, மருத்துவர் சொல்லும்படி நடக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்ததும், அதன்பின் ஆண்டுக்கொன்றும் போட்டு வந்தால் இந்தக் கவலையே இல்லை. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டிக் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாம்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கொட்டிலில் இருக்க வேண்டிய பெட்டி

நகருக்குச் சரக்குக் கொண்டு வரும் நாளில் திரும்பும் வழியில் மருந்துக்கடையில் சிலவற்றை வாங்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொட்டிலில் தொங்கவிடலாம். போவிடோன் அயோடின் சிறு பாட்டில் ஒன்று, 20 மி.லி. சிரிஞ்சு இரண்டு, பஞ்சுச் சுருள், சுற்றுத்துணி, கையுறை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாமணம், வெப்பமானி ஆகியவை போதும். அதோடு கொதிக்க வைத்துக் காய்ந்த துணிகளும், வாய்க்கட்டுப் பட்டையும், மருந்தகத்தின் தொலைபேசி எண் எழுதிய அட்டையும் இருக்கட்டும். இவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூட உதவும்.

காயம் சரியாக ஆறுகிறதா என்பதை ஐந்தாம் நாளில் அறியலாம். வீக்கம் வடிந்து, ஓரங்கள் இளஞ்சிவப்பாகி, நாய் தானே எழுந்து தட்டைத் தேடி வந்தால் நல்ல அடையாளம். நாற்றம், மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், 103.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உணவு மறுப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பர்.

இரவு முழுவதும் விழித்திருந்து பட்டியைக் காக்கும் நாய்க்கு, அது விழுந்த அன்று வீட்டார் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த ஒரு மணி நேரத்தைத் தள்ளிப்போடாத விவசாயிக்கு நாயும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.